பட்ஜெட் மிரர்லெஸ் கேமரா வாங்கப் போறீங்களா? எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாதுன்னு ஒரு முழு வழிகாட்டி

கம்மி விலை மிரர்லெஸ் (உள்ள கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாத்திக்கிற கேமரா) எதை எடுத்தாலும் ஏதோ ஒண்ணு குறைஞ்சுதான் இருக்கும். கம்பெனிக்காரன் தெரிஞ்சேதான் குறைக்கிறான், இல்லன்னா மேல இருக்கிற மாடலை எவன் வாங்குவான். அதனால "60,000 ரூபாய்க்குள்ள எது பெஸ்ட்"னு கேட்டா பத்து பேர் பத்து பேரு சொல்லுவாங்க. கேக்க வேண்டியது இதுதான்: இதுல இல்லாத விஷயம் எனக்கு உறுத்துமா, உறுத்துச்சுன்னா பின்னாடி காசு போட்டு சரி பண்ண முடியுமா?

லென்ஸ், மைக், லைட், பேட்டரி எல்லாம் கையில காசு வர வர வாங்கிக்கலாம். ஆனா வ்யூஃபைண்டர் (கண்ணை வச்சு பாக்குற ஓட்டை) இல்லாத பாடியில (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) அதை வச்சு ஒட்ட முடியாது, மவுண்ட்டை (லென்ஸ் மாட்டுற வாய்) மாத்த முடியாது, ஃபோக்கஸ் மெதுவா இருந்தா அது கடைசி வரைக்கும் மெதுவாதான்.

புதுசா வாங்குறவங்க முதல்ல பாடிய புடிச்சிடுறாங்க, அதோட வர்ற கிட் லென்ஸோட வீட்டுக்கு வந்துடுறாங்க, அப்புறம்தான் என்ன எடுக்கலாம்னே யோசிக்கிறாங்க. கீழ இருக்கிற வரிசையிலயே போங்க, ஒரு படியோட பதில் இல்லாம அடுத்த படிக்கு பதில் சொல்ல முடியாது.

1. என்ன எடுப்பீங்க, எந்த வெளிச்சத்துல எடுப்பீங்கன்னு எழுதுங்க

"எல்லாமே எடுப்பேன்"ங்கிறது பதில் இல்ல. உங்க ஃபோன் கேலரியைத் திறந்து போன வருஷம் என்ன எடுத்திருக்கீங்கன்னு பாருங்க. குழந்தையா, ஊர் சுத்துனதா, சமையல் வீடியோவா, தெருவா? கேமரா வந்தாலும் பெரும்பாலும் அதையேதான் எடுப்பீங்க.

அப்புறம் நாலு கேள்வி. வெளிச்சம் எப்படி, எவ்ளோ தூரம், எடுக்கிற ஆள் அசையுமா, ஃபோட்டோவா வீடியோவா. பொண்ணோட பரதநாட்டிய அரங்கேற்றம்னா வெளிச்சம் கம்மி, தூரம் அதிகம், ஆள் அசைஞ்சுக்கிட்டே இருக்கும். கேமராவுக்கு இதைவிட கஷ்டமான வேலை கம்மிதான். ஊட்டி, மூணாறு டிரிப்னா வெளிச்சத்துக்கு பஞ்சம் இல்ல, மலையும் ஓடாது, எந்த கேமராவும் போதும். வேடந்தாங்கல்ல பறவைன்னா வெளிச்சம் உண்டு ஆனா நீளமான லென்ஸ் வேணும், அந்த லென்ஸ் பாடிய விட விலை ஜாஸ்தி. வீட்டு கிச்சன்ல சமையல் வீடியோன்னா ஸ்டாண்ட்ல வச்சு எடுப்பீங்க, கை நடுக்கத்தை சரி பண்ற ஸ்டெபிலைசேஷன் தேவையே இல்ல, லைட்டும் மைக்கும்தான் வேணும்.

இந்த நாலு பதிலையும் ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க. பின்னாடி கடைக்காரர் ஏதாவது சொல்லி மனசை மாத்தும்போது எடுத்துப் பாக்க இது வேணும்.

2. பட்ஜெட்டை முதல்லயே உடைங்க

80,000 ரூபாய் இருக்குன்னா அது 80,000 ரூபாய் கேமரா வாங்குற காசு கிடையாது. பாடி, கிட் லென்ஸ் ரெண்டும் சேர்த்து 55,000ல இருந்து 60,000க்குள்ள நிக்கணும். மிச்சம் எங்க போகும்னா:

எக்ஸ்ட்ரா பேட்டரி கட்டாயம். இந்த விலையில வர்ற கேமராவுக்கெல்லாம் குட்டி பேட்டரிதான், சோனியோட பழைய எஃப்டபிள்யூ50 1020 எம்ஏஹெச், கேனான் எல்பி-ஈ17 1040, நிக்கான் ஈஎன்-ஈஎல்25 1120. ஒரு கல்யாணத்துக்கு காலையில போனா முகூர்த்தம் முடிஞ்சு பந்தி ஆரம்பிக்கும்போது சிவப்பு காட்டும்.

மெமரி கார்டுல வி30னு போட்டது போதும். அது நொடிக்கு குறைஞ்சது 30 எம்பி எழுதும்னு அர்த்தம், இந்த கேமராவுல சாதாரணமா எடுக்கிற 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட், 8 பிட் ஒரு பைட்) 4கே வீடியோவுக்கு நொடிக்கு 12.5 எம்பிதான் வேணும். வி90 கார்டை தலையில கட்டப் பாத்தா வேணாம்னு சொல்லிடுங்க. 64 ஜிபியில கிட்டத்தட்ட 85 நிமிஷம் வரும், அதனால ஒரே பெரிய கார்டுக்கு பதில் ரெண்டு 64 ஜிபி வாங்குங்க. ஒண்ணு போனாலும் பாதி தப்பிக்கும்.

அப்புறம் ஒரு டிரை பாக்ஸ், இதைப் பத்தி கடைசியில சொல்றேன். மிச்ச காசு முழுக்க ரெண்டாவது லென்ஸுக்கு, இல்லன்னா வீடியோ ஆளா இருந்தா மைக்குக்கு. இதை முதல்லயே தனியா எடுத்து வைக்கலன்னா கடையில "இன்னும் 8,000 போட்டா அடுத்த மாடல் சார்"னு சொல்ற நிமிஷம் அது கரைஞ்சிடும், நோ காஸ்ட் ஈஎம்ஐன்னு வேற சேத்து சொல்லுவாங்க.

3. பாடிக்கு முன்னாடி மவுண்ட்டை முடிவு பண்ணுங்க

பாடி நாலஞ்சு வருஷத்துல மாறும், லென்ஸ் கூடவே வரும். கல்யாணத்துக்கு பொண்ணு பாக்குற மாதிரிதான், பாடிய மட்டும் பாத்தா பத்தாது, பின்னாடி வர்ற குடும்பத்தையும் பாக்கணும்.

கேனான்ல பெரிய பொறி ஒண்ணு இருக்கு. எம்50, எம்50 மார்க் 2, எம்200 எல்லாம் செகண்ட் ஹேண்ட்ல சல்லிசா கிடைக்கும். அதுல இருக்கிறது ஈஎஃப்-எம் மவுண்ட், கேனான் அதை நிறுத்திடுச்சு, புது பாடி வராது, லென்ஸ் வராது. அந்த லென்ஸை கேனானோட இப்ப இருக்கிற மவுண்ட்டான ஆர்எஃப் பாடியில மாட்ட வழியே இல்ல. இருக்கிற ரெண்டு மூணு லென்ஸே போதும், கேமரா உழைக்கிற வரைக்கும் உழைக்கட்டும்னா தாராளமா வாங்கலாம். பின்னாடி மேல போகணும்னு ஆசை இருந்தா வேணாம்.

கேனான் ஆர்எஃப்ல ரொம்ப நாள் ஆட்டோஃபோக்கஸ் இருக்கிற வெளி கம்பெனி லென்ஸை கேனான் விடல. 2024லதான் ஏபிஎஸ்-சி (படம் பதியுற சென்சார் கொஞ்சம் சின்னதா இருக்கிற) பாடிங்களுக்கு சிக்மா, டாம்ரான் லென்ஸ் வர ஆரம்பிச்சது. இப்ப நிலைமை பரவாயில்ல. சோனி ஈ மவுண்ட்ல வெளி கம்பெனி லென்ஸ் ஜாஸ்தி, செகண்ட் ஹேண்ட்லயும் அதுதான் அதிகம் சுத்துது. நிக்கான் இசட்ல சிக்மாவோட 16, 30, 56 எம்எம் எஃப் 1.4 (எம்எம் கூடினா நெருக்கி காட்டும், எஃப் நம்பர் குறைஞ்சா வெளிச்சம் ஜாஸ்தி) மூணுமே கிடைக்கும், வில்ட்ராக்ஸும் இருக்கு.

வீட்டுல பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸ் இருந்தா கணக்கு மாறும். கேனான் ஈஎஃப் லென்ஸ் எல்லாம் அடாப்டர் போட்டா ஆர்எஃப் பாடியில ஆட்டோஃபோக்கஸோட நல்லாவே ஓடும். நிக்கான்ல கவனம்: பழைய லென்ஸை மாட்டுற எஃப்டிஇசட் அடாப்டர்ல மோட்டார் கிடையாது, அதனால 50 எம்எம் எஃப் 1.8 டி மாதிரி லென்ஸுக்கு ஆட்டோஃபோக்கஸ் வராது, கையாலதான் திருப்பணும். 35 எம்எம் எஃப் 1.8 ஜி மாதிரி ஏஎஃப்-எஸ் லென்ஸுன்னா பிரச்சனை இல்ல. அடாப்டர் விலையையும் பட்ஜெட்ல சேத்துக்கோங்க, இதை மறக்காத ஆளே இல்ல.

4. ஃபுல் ஃப்ரேம் ஆசையை இங்கயே முடிச்சுக்கோங்க

ஃபுல் ஃப்ரேம்னா ஏபிஎஸ்-சியை விட பெரிய சென்சார். செகண்ட் ஹேண்ட்ல கேனான் ஆர்பி, சோனி ஏ7 மார்க் 2 எல்லாம் பட்ஜெட்டுக்குள்ள வந்துடும். பாடி வரும், லென்ஸ் வராது. ஃபுல் ஃப்ரேம் ஜூம் லென்ஸ் விலையைப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. ஆர்பியில 4கே எடுத்தா ஃப்ரேம் 1.6 மடங்கு சுருங்கிடும், அப்புறம் எதுக்கு ஃபுல் ஃப்ரேம்? ஒரே ஒரு 50 எம்எம் எஃப் 1.8 மாட்டி ஃபோட்டோ மட்டும் எடுக்கிற ஆளுக்கு ஆர்பி நல்ல சாமான், மத்தவங்க ஏபிஎஸ்-சி பக்கம் வாங்க.

24 மெகாபிக்ஸலா 20 மெகாபிக்ஸலாங்கிற சண்டைக்குள்ள போகவே வேணாம்.

5. லென்ஸுக்கு காசு ஒதுக்குனதோட அர்த்தத்தை புரிஞ்சுக்கோங்க

"என் ஃபோனே இதைவிட நல்லா எடுக்குது"ன்னு புலம்புறவங்க கையில இருக்கிறது பெரும்பாலும் கிட் லென்ஸ்தான். காரணம் சின்ன கணக்கு. கேனான் 18-45 கிட் லென்ஸை முழுசா ஜூம் பண்ணா அப்பர்ச்சர் (வெளிச்சம் உள்ள வர்ற ஓட்டை) எஃப் 6.3. ஒரு எஃப் 1.8 லென்ஸ் அதைவிட சுமார் 12 மடங்கு வெளிச்சத்தை உள்ள விடும். மண்டபத்துல ஓடுற குழந்தையை உறைய வைக்க 1/250 நொடி ஷட்டர் வேணும்னு வைங்க, கிட் லென்ஸ்ல ஐஎஸ்ஓ (படத்தை எவ்ளோ பிரகாசமா கூட்டணும்ங்கிற அளவு) 12,800 கேக்குற இடத்துல எஃப் 1.8 லென்ஸ் 1,000 கிட்ட நிக்கும். 12,800ல ஏபிஎஸ்-சி சென்சார் புள்ளி புள்ளியா காட்டும், ஃபோன் அதையே நாலஞ்சு ஷாட்டை ஒட்டி சுத்தம் பண்ணி குடுத்துடும். அதான் ஃபோன் ஜெயிக்குது.

பகல் வெளிச்சத்துல கிட் லென்ஸ் குறை சொல்ற மாதிரி இல்ல, அதுலயும் நிக்கானோட 16-50 சின்னதா இருந்தாலும் நல்ல ஷார்ப். அதனால கிட் லென்ஸை வேணாம்னு சொல்லி பாடி மட்டும் வாங்காதீங்க, செட்டா வாங்கும்போது அது ரொம்ப கம்மி விலைக்கு வருது, அப்புறம் தனியா வாங்கப் போனா வலிக்கும்.

ரெண்டாவது லென்ஸ் எதுன்னு கேட்டா உடனே எல்லாரும் 50 எம்எம்னு சொல்லுவாங்க. ஏபிஎஸ்-சி பாடியில 50 எம்எம் மாட்டினா அது 75 இல்லன்னா 80 எம்எம் மாதிரி நெருக்கி காட்டும். வீட்டு ஹால்ல சுவரோட முதுகு ஒட்டி நின்னாலும் ரெண்டு பேர்தான் ஃப்ரேம்ல வருவாங்க. போர்ட்ரெய்ட் மட்டும்னா சரி. வீட்டுக்குள்ள குழந்தை, சாப்பாடு, குடும்பம்னா 24ல இருந்து 35 எம்எம்க்குள்ள பாருங்க, சோனிக்கு சிக்மா 30 எம்எம் எஃப் 1.4, நிக்கானுக்கு அவங்களோட 24 எம்எம் எஃப் 1.7.

6. பாடியில எது இல்லைன்னு ஒரு பட்டியல் போடுங்க

விளம்பரத்துல இருக்கிறதை படிக்காதீங்க, இல்லாததை தேடுங்க. மெதுவா போக வேண்டிய இடம் இதுதான்.

வ்யூஃபைண்டர்: சோனி இசட்வி-ஈ10, நிக்கான் இசட்30 ரெண்டுலயும் கிடையாது. மத்தியான வெயில்ல கோயில் தேர் எடுக்கும்போது பின்னாடி ஸ்க்ரீன்ல உங்க மூஞ்சிதான் தெரியும். வீடியோ மட்டும், அதுவும் வீட்டுக்குள்ளன்னா இது குறையே இல்ல. வெளியில ஃபோட்டோ எடுக்கிறவங்க இதை விடக்கூடாது, பின்னாடி காசு போட்டாலும் வராது.

பாடிக்குள்ள ஸ்டெபிலைசேஷன்: கேனான் ஆர்50, ஆர்100, ஆர்10, சோனி ஏ6400, இசட்வி-ஈ10, நிக்கான் இசட்50, இசட்30 எதுலயும் இல்ல. இல்லாததுக்கு அழாதீங்க. அது உங்க கை நடுக்கத்தைத்தான் சரி பண்ணும், ஓடுற குழந்தையை நிறுத்தாது. கிட் லென்ஸ்லயே ஓரளவு இருக்கு. நடந்துக்கிட்டே வீடியோ எடுக்கிற ஆளுக்குத்தான் நிஜமாவே தேவை, அவங்க ஒரு கிம்பல் (கேமரா ஆடாம புடிக்கிற மோட்டார் ஸ்டாண்ட்) வாங்கி சமாளிக்கலாம், அதாவது இது பின்னாடி காசால தீர்ற குறை.

டிஜிட்டல் ஸ்டெபிலைசேஷனை நம்பி வாங்காதீங்க. இசட்வி-ஈ10ல ஆக்டிவ் மோடு போட்டா ஃப்ரேம் சுமார் 1.44 மடங்கு சுருங்குது, கையை நீட்டி உங்களையே எடுத்தா ஸ்க்ரீன் முழுக்க முகம்தான். கூடவே அந்த கேமராவுல 4கே எடுக்கும்போது சட்டுனு திருப்புனா நேரா நிக்கிற கம்பமெல்லாம் சாஞ்சு தெரியும், ஸ்டெபிலைசேஷன் அதை சரி பண்ணாது.

4கே: இங்கதான் சின்ன எழுத்துல ஒளிச்சு வைப்பாங்க. ஆர்50ல சென்சார் முழு அகலத்துலயும் 4கே வருது, நிக்கான் இசட்50, இசட்30லயும் நொடிக்கு 30 ஃப்ரேம் வரைக்கும் அப்படியே. ஏ6400, இசட்வி-ஈ10ல 30 ஃப்ரேம்ல கொஞ்சம் சுருங்கும், 25ல சுருங்காது. ஆர்100ல 4கே போட்டா ஃப்ரேமும் நல்லா சுருங்கும், கேனானோட பேர் பெற்ற டூயல் பிக்ஸல் ஃபோக்கஸும் வேலை செய்யாது, அந்த ஸ்க்ரீன் திரும்பாது, டச்சும் கிடையாது. ஆர்100ஐ 4கே இல்லாத ஃபோட்டோ கேமரான்னு நெனச்சு வாங்குறதா இருந்தா மட்டும் வாங்குங்க.

ஷட்டர்: இசட்வி-ஈ10 மார்க் 2ல பேட்டரி பெருசு, சென்சார் புதுசு, ஆனா மெக்கானிக்கல் ஷட்டரையே (நிஜமா மூடித் திறக்குற திரை) எடுத்துட்டாங்க. எல்இடி சீரியல் பல்பு மின்னுற மண்டபத்துல ஃபோட்டோ எடுத்தா படத்துல பட்டை பட்டையா கோடு விழலாம். வீடியோ ஆளுக்கு இது பிரச்சனை இல்ல, கல்யாண ஃபோட்டோ எடுக்கணும்னு நெனைக்கிறவங்க தொடக்கூடாது.

ஃப்ளாஷ் மாட்டுற இடம்: ஆர்50ல இருக்கிறது புது மாதிரி ஷூ, உங்க கிட்ட இருக்கிற பழைய ஃப்ளாஷ் நேரா மாட்டுனா எரியாது, அதுக்கு தனி அடாப்டர். ஃப்ளாஷை தூரத்துல இருந்து எரிய வைக்கிற ட்ரிக்கரும் அப்படியே. இதை வாங்கின பின்னாடி கண்டுபிடிக்கிறவங்கதான் ஜாஸ்தி.

கார்டு ஸ்லாட்: மேல சொன்ன ஏபிஎஸ்-சி எல்லாத்துலயும் ஒண்ணே ஒண்ணு. சொந்தத்துக்கு எடுக்க இது போதும். காசு வாங்கிட்டு அடுத்தவங்க கல்யாணம் எடுக்கப் போறீங்கன்னா ரெண்டு ஸ்லாட் இருக்கிற பாடி வரைக்கும் காத்திருங்க, தாலி கட்டுறதை திருப்பி எடுக்க முடியாது.

ஆட்டோஃபோக்கஸ்: 2014ல வந்த சோனி ஏ6000 செகண்ட் ஹேண்ட்ல இன்னும் கிடைக்குது, படம் நல்லாதான் வரும், ஆனா 4கே இல்ல, கண்ணை விடாம புடிக்கிறதுல 2019ல வந்த ஏ6400 எங்கயோ இருக்கு. அசையுற ஆளை எடுக்கிறவங்க இந்த ஒரு விஷயத்துல மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க. பாக்கி எதை வேணா விடுங்க.

7. இப்ப மாடல் பேரை எழுதுங்க

முதல் படியில எழுதுன பேப்பரை எடுங்க. வெளியில ஃபோட்டோ, கொஞ்சம் வீடியோ, குழந்தைங்கன்னா ஆர்50 இல்லன்னா செகண்ட் ஹேண்ட் ஏ6400. வீட்டுக்குள்ள யூடியூப்னா இசட்வி-ஈ10 இல்லன்னா இசட்30, இதுல இசட்வி-ஈ10ல ஹெட்ஃபோன் ஜாக் இருக்கு, மைக் சத்தம் வருதான்னு கேட்டுக்கிட்டே எடுக்கலாம், இசட்30லயும் ஆர்50லயும் அது இல்ல. கையில புடிக்க வசதி முக்கியம், ஃபோட்டோதான் அதிகம், ஃபோக்கஸ் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா பரவாயில்லன்னா இசட்50. எனக்கு அதோட பிடி ரொம்ப புடிக்கும், பெரிய கைக்காரங்க ஆர்50ஐ புடிச்சா சுண்டு விரல் அந்தரத்துல தொங்கும்.

ரெண்டு மாடலுக்கு மேல பட்டியல்ல வைக்காதீங்க. மூணாவது வந்தாலே முடிவு எடுக்க மாட்டீங்க, தீபாவளி ஆஃபர் வரட்டும் பொங்கல் ஆஃபர் வரட்டும்னு போய்க்கிட்டே இருக்கும்.

8. புதுசா, செகண்ட் ஹேண்டா, பில் இருக்கா

புதுசுன்னா இந்திய வாரண்டி உள்ளதா பாருங்க. வெளிநாட்டுல இருந்து வந்த பாக்ஸ் சில ஆயிரம் கம்மியா கிடைக்கும், அதுக்கு இங்க கம்பெனி சர்வீஸ் சென்டர்ல வாரண்டி கிடைக்காம போகலாம், கடை வாரண்டின்னு ஒரு சீட்டு குடுப்பாங்க, கடை இருக்கிற வரைக்கும் அது செல்லும்.

"பில் வேணாம்னா 18 பர்சென்ட் குறைக்கிறேன்"னு சொல்றதும் நடக்கும். கேமராவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதைத்தான் சொல்றாங்க. பில் இல்லன்னா வாரண்டி இல்ல, திருடு போனா கம்ப்ளைன்ட் குடுக்க ஆதாரம் இல்ல, நாளைக்கு விக்கும்போதும் விலை இறங்கும். பில்லுல சீரியல் நம்பர் இருக்கணும், பாக்ஸ்லயும் பாடியிலயும் இருக்கிறதோட அது ஒத்துப் போகணும். ஃப்ரீயா குடுக்கிற பேக், ட்ரைபாட், கார்டு காம்போவுக்கு மயங்காதீங்க, அதெல்லாம் வேணாம் விலையைக் குறைங்கன்னு கேளுங்க.

செகண்ட் ஹேண்ட்னா பாடி தாராளமா வாங்கலாம், லென்ஸ்லதான் பயம். சென்னை, நாகர்கோவில் மாதிரி கடலோர ஊர்ல ரொம்ப நாள் பையிலயே கிடந்த லென்ஸ்ல ஃபங்கஸ் வந்திருக்கும், ஒட்டடை மாதிரி நூல் நூலா. லென்ஸுக்கு பின்னாடி இருந்து ஃபோன் டார்ச் அடிச்சு முன்னாடி இருந்து பாத்தா தெரியும். இருந்தா விலை எவ்ளோ கம்மின்னாலும் வச்சிட்டு வந்துடுங்க.

பாடியில பாக்க வேண்டியது, இதே வரிசையில: லென்ஸ் மூடியை மாட்டி ஐஎஸ்ஓ 1600ல ஒரு ஷாட், கருப்புல கலர் புள்ளி, கோடு இருக்கான்னு ஜூம் பண்ணி பாருங்க. டிஜே லேசர் லைட்டை நேரா வாங்குன சென்சார்ல இப்படி நிரந்தரமா தழும்பு இருக்கும், கல்யாண வீடியோவுக்கு ஓடுன பாடியில இதை கட்டாயம் பாக்கணும். அடுத்து எஃப் 16ல வெள்ளை சுவர் ஒரு ஷாட், தூசி தெரியும், தூசி இருந்தா பரவாயில்ல துடைச்சிடலாம். அப்புறம் மைக் குத்துற ஓட்டை, சார்ஜ் ஓட்டை, ஸ்க்ரீனை திருப்புனா அணையுதா, ஒரு அஞ்சு நிமிஷம் 4கே ஓட விட்டு பாருங்க. ஷட்டர் கவுன்ட்டை (இதுவரைக்கும் எத்தனை ஷாட் எடுத்திருக்குன்னு) நிக்கான்லயும் சோனி ஏ6000 வரிசையிலயும் ஃபோட்டோ ஃபைல்ல இருந்தே எடுத்துடலாம், கேனான்ல அவ்ளோ சுலபம் இல்ல.

விக்கிறவர் "பேட்டரி சார்ஜ் இல்ல, ஆன் பண்ணி காட்ட முடியாது"ன்னா கிளம்பிடுங்க.

9. வாங்கின முதல் வாரம்

முதல் வேலை, வீடியோ செட்டிங்கை பால் (PAL)னு மாத்துங்க, நொடிக்கு 25 இல்லன்னா 50 ஃப்ரேம் வரும். நம்ம கரன்ட் 50 ஹெர்ட்ஸ், ஷட்டரை 1/50 இல்லன்னா 1/100ல வச்சா ட்யூப் லைட்டு கீழ வீடியோ துடிக்காது. 30 ஃப்ரேமும் 1/60ம் வச்சுட்டு கேமரா கோளாறுன்னு திருப்பிக் குடுக்கப் போறவங்க நிறைய பேர். சில சோனி மாடல்ல இதை மாத்துனா கார்டை ஃபார்மேட் பண்ணச் சொல்லும், அதான் முதல் வேலைன்னேன்.

ரெண்டாவது, கார்டை முழுசா நிரப்புற வரைக்கும் வீடியோ எடுத்து எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டு ஓட்டிப் பாருங்க. போலி கார்டு 128 ஜிபின்னு காட்டும், கொஞ்சம் தாண்டுனதும் ஃபைல் கெட்டுப் போகும். இது தெரியுற நாள் விசேஷ நாளா இருக்கக்கூடாது. கேமரா சூடாகி நிக்குதாங்கிறதும் இதுலயே தெரிஞ்சிடும்.

மூணாவது டிரை பாக்ஸ். காத்துப் போகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர், இது போதும். 40ல இருந்து 50 சதவீதத்துக்குள்ள வைங்க. கேமராவோட வந்த பையிலயே போட்டு பீரோவுல வைக்கிறதுதான் ஃபங்கஸுக்கு ரொம்ப புடிச்ச இடம். ஜெல் நிறம் மாறுனா சூடு பண்ணி திரும்ப போடலாம்.

கடையோட ரிட்டர்ன் நாள் என்னைக்கு முடியுதுன்னு ஃபோன்ல அலாரம் வச்சுக்கோங்க, அதுக்கு முந்தின நாளுக்குள்ள ஒவ்வொரு பட்டனும், ஒவ்வொரு ஓட்டையும், ராத்திரி ஒரு தடவை பகல்ல ஒரு தடவையும் எடுத்துப் பாத்திருக்கணும்.